பெங்களூரு விவேக்நகரிலிருந்து ஒரு ஞாயிறு: மாமியார், இரண்டு பிள்ளைகள், கையில் 600 ரூபாய். எங்கே போகலாம்?

விவேக்நகர் வீடு
சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், மாமியார் (68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி), பையனுக்கு 9 வயது, பொண்ணுக்கு 4. கார் கிடையாது. ஒரு ஸ்கூட்டர்தான், அதில் ஐந்து பேரும் எப்படிப் போவது? வீட்டுக்காரருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு.

போன மாதம் ஒரு மாலுக்குப் போனோம். 2,300 ரூபாய் போனது. பொண்ணு விளையாட்டு இடத்தை விட்டு வரமாட்டேன் என்று அழுது தரையில் படுத்துவிட்டாள். மாமியார் நகரும் படிக்கட்டில் ஏறப் பயந்து கீழேயே ஒரு பெஞ்சில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மாதம் ஒரு தடவையாவது ஐந்து பேரும் சேர்ந்து மரம், மண், காற்று இருக்கிற இடமாகப் போக வேண்டும். பஸ், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள். இடத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் எப்படிப் போவது, எங்கே உட்காருவது, கழிப்பறை உண்டா, இதையெல்லாம் சொன்னால் பெரிய உதவி.


ஸ்ரீராமபுரம்காரன்
சனி, இரவு 10.52

அக்கா, முதலில் பஸ் செலவைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பணம் அங்கேதான் மிச்சமாகும். 2023 ஜூன் 11லிருந்து சக்தி திட்டம் இருக்கிறது, கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் பெண்களுக்கு பிஎம்டிசி (நகர பஸ்) சாதாரண பஸ்ஸிலும் கேஎஸ்ஆர்டிசி (வெளியூர் அரசு பஸ்) சாதாரண பஸ்ஸிலும் கட்டணம் இல்லை. வஜ்ரா என்கிற ஏசி பஸ்ஸில் செல்லாது. கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுப்பார், அதை வாங்கி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், செக்கிங் வந்தால் கேட்பார்கள். சின்னப் பொண்ணுக்கு எப்படியும் டிக்கெட் கிடையாது, பையனுக்கு அரை டிக்கெட். அப்படிப் பார்த்தால் முழு டிக்கெட் அண்ணனுக்கு மட்டும்தான்.

ஒரே இடத்துக்குப் போகாமல் இரண்டு மூன்று பஸ் மாறுவதாக இருந்தால் அண்ணனுக்கு டே பாஸ் எடுத்துவிடுங்கள்.


விவேக்நகர் வீடு
சனி, இரவு 11.04

நன்றி தம்பி. ஒரு சிக்கல் இருக்கிறது. மாமியாருடைய ஆதாரில் இன்னும் வேலூர் முகவரிதான். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது, மாற்றவே இல்லை.


ஸ்ரீராமபுரம்காரன்
சனி, இரவு 11.09

அப்படியென்றால் அவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் அக்கா. முகவரியை மாற்றிவிடுங்கள், இதற்கு மட்டுமில்லை, பல விஷயத்துக்கு வேண்டும்.


மலைப்பித்தன்
ஞாயிறு, காலை 6.20

நந்தி மலை! 60 கிலோமீட்டர்தான். 1,478 மீட்டர் உயரம், விடிகாலையில் மேகம் கால் கீழே ஓடும். பையனுக்கு 9 வயது என்கிறீர்கள், வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்துவிடலாம். நான் வருடத்துக்கு நாலு தடவை போகிறேன், ஒரு தடவைகூட சலித்ததில்லை.


இரட்டையர் அப்பா
ஞாயிறு, காலை 8.41

மலைப்பித்தன் சார், உங்கள் ஆசை புரிகிறது, எனக்கும் அந்த மலை பிடிக்கும். ஆனால் அந்த அக்கா முழங்கால் வலி உள்ள பெரியவரையும் நாலு வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகப் போகிறார். மேகம் பார்க்க வேண்டுமென்றால் விடியும்போது மேலே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு விவேக்நகரிலிருந்து பஸ்ஸில் எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் விடியலுக்கு முன்னாலேயே வரிசை கட்டி நிற்கும். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மேகமும் இருக்காது, உட்கார இடமும் இருக்காது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் பிள்ளைகளுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனோம். போக இரண்டரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். இடத்தில் இருந்தது ஒரு மணி நேரம். அதிலும் முக்கால் மணி நேரம் கழிப்பறை தேடினோம். என் மனைவி அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, வெளியே போனால் கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில். ராத்திரி தலைவலி, வாந்தி. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். போகிற நேரமும் வருகிற நேரமும் சேர்ந்து, அங்கே இருக்கப் போகிற நேரத்தைத் தாண்டக் கூடாது. சின்னக் குழந்தை இருந்தால் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதி இடங்கள் தானாகக் கழிந்துவிடும்.


மலைப்பித்தன்
ஞாயிறு, காலை 9.15

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். பெரியவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியென்றால் மலை மேலே வேண்டாம், அடிவாரத்தில் நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. மேலே போகிற கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கோயில், தொல்லியல் துறை பராமரிப்பு, பெரிய பிராகாரம், உள்ளே படிகள் இறங்கும் அழகான குளம். ஏற்றம் இல்லை. சிக்கபள்ளாப்பூர் பஸ்ஸில் போய் அங்கிருந்து நந்திக்கு மாறிக்கொள்ளலாம். முதல் தடவைக்கு வேண்டாம், மூன்றாவது நாலாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


கே.ஆர்.புரம் டீச்சர்
ஞாயிறு, காலை 11.30

உங்களுக்கு லால்பாக் போதும் என்று சொன்னால் "அதுதான் எல்லோருக்கும் தெரியுமே" என்பார்கள். ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் மலர்க்கண்காட்சிக்குப் போய் கூட்டத்தில் நசுங்கித் திரும்பியவர்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் கண்காட்சி நடக்கிற நாட்களை விட்டுவிட்டு வேறு ஒரு ஞாயிறு காலை ஏழரைக்கு உள்ளே போய்ப் பாருங்கள், இடமே வேறு மாதிரி இருக்கும். 240 ஏக்கர். ஹைதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம்.

பையனுக்கு இரண்டு விஷயம் காட்டுங்கள். ஒன்று, கெம்பேகவுடர் கோபுரம் நிற்கிற பாறை. அதன் வயது சுமார் 300 கோடி வருடம். 1975இல் அதைத் தேசிய நிலவியல் சின்னம் என்று அறிவித்தார்கள். நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது அந்தப் பாறையில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். டைனோசர் வருவதற்கு எவ்வளவோ முன்னால் இருந்தே இந்தக் கல் இங்கே இருக்கிறது என்று சொன்னதும் சத்தம் அடங்கிவிடும். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும், அதனால் முதலில் அங்கே போய்விடுங்கள். பாட்டி கீழே நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம், ஏற வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது, அங்கே ஒரு கல்மரம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவக்கரையிலிருந்து வந்தது. 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரம் கல்லாகிப் போனது. உங்கள் மாமியார் வேலூர்க்காரர் என்றால் திருவக்கரை என்ற பெயர் கேட்டிருப்பார், வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கிற அதே ஊர்.

நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு, தனி டிக்கெட். பாட்டியையும் சின்னவளையும் அதில் ஏற்றிவிட்டு நீங்கள் நடக்கலாம். கண்ணாடி மாளிகை பக்கம் பெஞ்சுகள் இருக்கின்றன. அப்புறம் அந்தப் பெரிய இலவ மரம். அதன் வேர்கள் சுவர் மாதிரி எழுந்து நிற்கும், நாலு வயதுக் குழந்தை உள்ளே நின்றால் வெளியே தெரியாது. கம்பி வேலி தாண்டி ஏற விடாதீர்கள்.


அல்சூர் பாட்டி
ஞாயிறு, மதியம் 1.10

பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. அம்மாடி, உன் மாமியாரை மறக்காமல் கேட்டாயே, நன்றாக இரு. எனக்கும் முழங்கால்தான். நான் சொல்கிறேன், கேள். எங்களைப் போன்றவர்களுக்கு தூரம் பயமில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா என்பதுதான் பயம். புல்லில் பாய் விரித்து உட்காரச் சொன்னால் முடியாது. ஒரு மடக்கு முக்காலி வாங்கிவிடு, பையன் தூக்கிக்கொள்வான். அது இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிழலில் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

உனக்கு அல்சூர் ஏரியும் பக்கம்தானே. ஏரிக்கரையில் நம் வள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் வைத்து, துணி போட்டு மூடியே 18 வருடம் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தார்கள். நான் மறுநாள் காலையிலேயே பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், அவளுக்கு அப்போது இரண்டு வயது, இப்போது அவள்தான் இதைத் தட்டுகிறாள். நாலு நாள் கழித்து சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையையும் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதைச் சொல்லு. அப்படியே சோமேஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு. காசு செலவே இல்லை.


பன்னேர்கட்டா ரோடு
ஞாயிறு, மதியம் 2.35

பிள்ளைகளுக்கு விலங்கு பார்க்க வேண்டுமென்றால் பன்னேர்கட்டாதான். மெஜஸ்டிக்கிலிருந்து 365ஆம் நம்பர் பஸ் நேராகப் போகும். செவ்வாய் விடுமுறை. சஃபாரி எடுத்தால் 600 ரூபாய் டிக்கெட்டுக்கே போதாது, அதனால் சஃபாரியை விட்டுவிட்டு விலங்குக்காட்சிச் சாலையும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் மட்டும் பாருங்கள். நடை அதிகம், பெரியவருக்கு முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.


விவேக்நகர் வீடு
ஞாயிறு, மாலை 5.20

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமியாரிடம் பாட்டி சொன்னதைப் படித்துக் காட்டினேன், "முக்காலியா, அது நல்லது" என்றார். திருவக்கரை என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, கல்யாணத்துக்கு முன்னால் பௌர்ணமிக்குப் போயிருக்கிறாராம்.

சாப்பாடு பற்றி ஒரு கேள்வி. புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். உள்ளே சாப்பிட விடுவார்களா?


கே.ஆர்.புரம் டீச்சர்
ஞாயிறு, மாலை 6.02

இது முக்கியமான கேள்வி. லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் இப்போது சாப்பாட்டு விஷயத்தில் கெடுபிடி அதிகம். முன்பெல்லாம் கப்பன் பார்க்கில் பாய் விரித்து டிபன் கேரியர் திறக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம், இப்போது காவலர்கள் வந்து எழுப்புவார்கள். எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் கட்டுச்சோறு இல்லாமல் ஏழைக் குடும்பம் ஒரு நாள் முழுக்க வெளியே இருக்கவே முடியாது. ஆனால் தட்டையும் ஞெகிழிப் பையையும் போட்டுவிட்டுப் போனவர்களால் வந்த வினையும் இது. அதனால் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். குழந்தைக்கு ஒரு டப்பாவில் பிஸ்கட், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.


இரட்டையர் அப்பா
ஞாயிறு, மாலை 6.30

நாங்கள் செய்வது இதுதான். காலை ஆறரைக்கு வெறும் பால் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவோம். ஒன்பதரை வரை பூங்கா. பிறகு வெளியே வந்து ஒரு தர்ஷினியில் (சின்ன டிபன் கடை) இட்லி, வடை, பொங்கல். ஐந்து பேருக்கு 200, 250க்குள் முடியும். பசியோடு வருவதால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். பதினொரு மணிக்கு வீடு. குழந்தை பஸ்ஸிலேயே தூங்கிவிடும், வெயிலுக்கும் தப்பித்தோம், மதியச் சாப்பாடு வீட்டில் முதல் நாளே பாதி செய்துவைத்தது.

ஒரு விஷயம், தர்ஷினியில் பெரும்பாலும் நின்றுதான் சாப்பிட வேண்டும். பெரியவர் இருப்பதால் நாலு நாற்காலியாவது போட்டிருக்கிற கடையை முன்னாடியே பார்த்துவையுங்கள்.


ஸ்ரீராமபுரம்காரன்
ஞாயிறு, இரவு 8.47

ஆட்டோ கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டிலிருந்து மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. மீட்டர் போட எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கணக்கு தெரிந்தால் பேரம் பேச வசதி. உங்களுக்குச் சாந்திநகர் பஸ் நிலையம் வரை பஸ், அங்கிருந்து லால்பாக் வாசல் வரை பெரியவருக்காக ஆட்டோ. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெரியவர் வாசலுக்கு வரும்போதே களைத்துவிட்டால் அப்புறம் உள்ளே எதுவும் ரசிக்காது.


புதிதாக வந்தவள்
ஞாயிறு, இரவு 9.20

நான் ஜெயநகர். இந்த இழையை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டேன். ஒன்று சேர்க்கிறேன், பசவனகுடி கடலைக்காய் பரிஷே, அதாவது நிலக்கடலைத் திருவிழா. பெரிய நந்தி கோயில் தெரு முழுக்க கடலைக்காய் குவியல் குவியலாக இருக்கும், ராட்டினம், பலூன், சோளம், எல்லாம். கார்த்திகை கடைசித் திங்கள்கிழமை. நம் பஞ்சாங்கத்துக் கார்த்திகை இல்லை, தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிற கன்னடக் கார்த்திகை. இதைத் தெரியாமல் நாங்கள் ஒரு வருடம் எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றோம். திங்கள் அன்று கால் வைக்க இடமிருக்காது, அதற்கு முந்தின நாளே கடைகள் வந்துவிடும், அப்போது போங்கள்.


இரட்டையர் அப்பா
ஞாயிறு, இரவு 9.55

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மஞ்சனபெலே அணை போன்ற இடங்களின் படத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். பார்க்க அமைதியாக இருக்கும், இறங்கினால் ஆழம் தெரியாது. குளிக்கத் தடை என்று பலகை இருக்கிறது, இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. கல் குவாரிக் குட்டைகளும் அப்படித்தான். தயவுசெய்து பிள்ளைகளைக் காலை நனைக்கக்கூட விடாதீர்கள்.


விவேக்நகர் வீடு
அடுத்த ஞாயிறு, மதியம் 3.40

போய் வந்துவிட்டோம்!

காலை 6.40க்குக் கிளம்பினோம். பஸ், ஆட்டோ, ஏழே முக்காலுக்கு லால்பாக் உள்ளே. டீச்சர் சொன்னபடி முதலில் பாறைதான். பையன் செருப்பைக் கழற்றி நின்றான், பிறகு காதைக் கல்லில் வைத்துக் கேட்டான். எதற்கு என்று கேட்டேன், "இவ்வளவு வயசானால் ஏதாவது சொல்லும்" என்றான். பொண்ணு சறுக்கிச் சறுக்கி விளையாடி பாவாடையின் பின்பக்கம் நைந்துவிட்டது, தைத்துக்கொள்ளலாம். மாமியார் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு கன்னட அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். இவருக்குக் கன்னடம் அரைகுறை, அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை, இரண்டு பேரும் முழங்காலுக்கு என்ன எண்ணெய் தடவலாம் என்று அரைமணி நேரம்.

பேட்டரி வண்டியில் மாமியாரும் பொண்ணும் போனார்கள். கல்மரத்தைத் தேட கொஞ்சம் அலைந்தோம், தோட்டக்காரர் ஒருவர் வழி காட்டினார். மாமியார் அதன் முன்னால் நின்று கும்பிட்டார். எனக்கு அதைப் பார்த்து என்னவோ செய்தது.

வெளியே வந்து டிபன். 210 ரூபாய். வீட்டுக்கு 11.20க்கு வந்தோம். மொத்தச் செலவு 610, பத்து ரூபாய் கூட. அது பொண்ணுக்கு பலூன்.

குறையும் சொல்ல வேண்டும். கழிப்பறை இருந்தது, ஆனால் உள்ளே கைப்பிடி எதுவும் இல்லை, முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்து எழ ரொம்பக் கஷ்டம். நான் உள்ளே போய்க் கையைப் பிடித்துத் தூக்கினேன். இத்தனை பெரியவர்கள் தினமும் நடக்க வருகிற இடத்தில் சுவரில் ஒரு கம்பி வைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்.


அல்சூர் பாட்டி
அடுத்த ஞாயிறு, மாலை 4.15

கல்லை ஏன் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியும் அம்மாடி. ஊர்ப் பெயர் வந்தால் அப்படித்தான். எங்கே வந்து உட்கார்ந்தாலும் ஊரிலிருந்து வந்தது ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகக் குவியும்.


மலைப்பித்தன்
அடுத்த ஞாயிறு, மாலை 5.00

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த மாதம் எங்கே?


கே.ஆர்.புரம் டீச்சர்
அடுத்த ஞாயிறு, மாலை 5.48

நான் ஒன்று சொல்லவா? தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயில். உங்களுக்கு மிகவும் பக்கம். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அதில் ஊரின் பெயர் தொம்பலூர். பையனை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், நாலைந்து எழுத்தாவது அடையாளம் தெரிந்துவிடும். அதற்கு அடுத்த மாதம் பேகூர். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்றில் பெங்களூரு என்ற பெயரே இருக்கிறது. வெந்த அவரைக்கொட்டையால் வந்த பெயர் என்று ஹொய்சள ராஜா கதை சொல்வார்களே, அந்த ராஜாவுக்கு முன்னாலேயே பெயர் இருந்திருக்கிறது. பக்கத்திலேயே ஏரி. ஏரிகளுக்குப் போகும்போது மட்டும் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் நடுப்பகலில் வாசலைப் பூட்டிவிடுவார்கள்.


விவேக்நகர் வீடு
அடுத்த ஞாயிறு, இரவு 8.30

தொம்மலூர் முடிவு செய்துவிட்டோம். பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜீரோ டிக்கெட் வாங்கியதையும் தனக்குக் காசு கொடுத்து எடுத்ததையும் மாமியார் கவனித்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் பீரோவிலிருந்து ஆதாரை எடுத்து வந்து மேஜையில் வைத்து, "நாளைக்கே இதை மாத்திக் கொடு, மாசா மாசம் போறோம்ல" என்றார். நாளைக் காலை நான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போகிறேன். ஸ்ரீராமபுரம் தம்பி, என்னென்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்று தெரிந்தால் இன்று இரவே சொல்லுங்கள்.